பாப்பாவுக்கு நீ சொன்ன கணிப்பு

தம்பி,

பெயரைப் போட்டு எழுதினால் ஏதோ ஆபீஸ் கடிதம் போலத் தோன்றும் என்பதால் வீட்டில் கூப்பிடுவது போலவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் போனில் பேசியதை நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காது மந்தமானதிலிருந்து அவர் எல்லாவற்றையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். "இந்த மாசக் கடைசில வேலைய வுட்டுடறன்பா. பெங்களூர்ல ஒரு கம்பெனி. ஆன்லைன் கடையில யாரு என்னா வாங்குவாங்கன்னு முன்கூட்டியே சொல்லணும், அவ்ளோதான். தப்பாப் போனாலும் யாருக்கும் ஒண்ணும் ஆவாது" என்றாய். அப்பா, "ஒனக்கு எது தோதோ அதப் பாருப்பா" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நீ வைத்துவிட்டாய். கடைசியில் நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை அன்றிலிருந்து என் காதிலேயே நிற்கிறது. தப்பாகப் போனாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாத வேலை வேண்டும் என்று ஒரு பிள்ளை தேடிக்கொண்டு போனால், அவன் மனசுக்குள் என்ன கிடக்கிறது என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

போனில் பேசலாம்தான். ஆனால் நான் உன் தங்கை வளர்மதியின் பேச்சை எடுத்தாலே நீ, "சரிம்மா, மீட்டிங் இருக்குது" என்கிறாய். ஆபரேஷனுக்குப் பிறகு நீ வீட்டுக்கு வந்த இரண்டு தடவையும் விருந்தாளி மாதிரி வந்து போனாய். அவள் எதிரில் உட்கார்ந்தால் உன் கண் அவள் முகத்துக்குப் போவதில்லை, வயிற்றுப் பக்கமும் போவதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். ஆபரேஷன் அன்றைக்கு நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நீ அங்கே இல்லாததால் மீதிப் பாதி உன் காதுக்கு வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நான் உனக்குச் செய்கிற துரோகம்.

முதலிலிருந்தே வருகிறேன், பொறுத்துக்கொள். உன் தங்கைக்கு நோய் வந்தபோது அவள் செராமிக் டிப்ளமோ முடித்துவிட்டு, நான் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் சேர்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்கிப் போகிறாள் என்று நான் கவனிக்கவே இல்லை. ரத்தம் போகிறது என்று அவளாக வந்து சொன்னபோது, தெருவில் எல்லோரும் சொன்னது போல நாங்களும் மூலம் என்றுதான் நினைத்தோம். புதுச்சேரியில் குழாய் விட்டுப் பார்த்த பிறகுதான் அது பெருங்குடல் முழுக்கப் பரவிய புண் என்று தெரிந்தது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று டாக்டரம்மா சொன்னதை நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பழகினேன். உடம்பே தன் குடலை எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிற நோய் என்று நீதான் எங்களுக்குப் புரியும்படி சொன்னாய். மாத்திரைக்குக் கொஞ்ச நாள் அடங்கியது. ஸ்டீராய்டில் முகம் பூரித்துப் போய், கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். விலை கூடிய ஊசியும் போட்டார்கள். அதுவும் ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவில்லை. கடைசியில் ஆபரேஷன் டாக்டர் வந்து, பெருங்குடலை எடுத்துவிடலாம், இப்போது உடம்பு தாங்குகிற நிலையில் இருக்கும்போதே நிதானமாகச் செய்யலாம் என்றார். வயிற்றின் வழியாகப் பை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது வளர்மதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் வெகுநேரம் போகவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். உன் வேலையும் உன் தங்கையின் நோயும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது? நீ சென்னையில் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாய் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். நல்ல குடல் உள்ள ஒருவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து, நோயாளியின் குடலுக்குள் விடுகிற சிகிச்சை ஒன்று இருக்கிறது, சிலருக்கு அது அற்புதமாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை, யாருக்குக் கேட்கும் என்பதை முன்னாலேயே சொல்ல முடியுமா என்பதுதான் உங்கள் ஆராய்ச்சி என்று அன்றைக்கு நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விளக்கினாய். அப்பா முகத்தைச் சுளித்தார். "மனுசன் கழிச்சதையா மருந்துன்றாங்க?" என்றார். "வயக்காட்டுக்கு எரு போடலியாப்பா?" என்று வளர்மதிதான் அவரை மடக்கினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவளுடைய மல மாதிரியை உங்கள் ஆராய்ச்சிக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தாள். நீ அதை உன் கணக்கில் போட்டுப் பார்த்திருந்தாய். அந்தக் கணக்கை வைத்து வைத்தியத்தை முடிவு செய்கிற நிலைக்கு அது இன்னும் வரவில்லை என்று டாக்டரம்மாவும் சொன்னார், நீயும் சொன்னாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தம்பி. அவள் உன் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்குக் கேக்குமாண்ணா? அத மட்டும் சொல்லு" என்றாள். நீ லேப்டாப்பை மூடிவிட்டு, "கேக்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்னு வருது பாப்பா. ஆனா நாங்க கணக்குல போட்ட மல மாதிரிங்கள்ல பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்களோடது. அவங்க சாப்பாடு வேற, நம்ம சாப்பாடு வேற. உன் நோயும் கொஞ்சம் முத்தியிருக்குது. அதனால இத முழுசா நம்பிடாத" என்றாய். நீ இரண்டு பகுதியாகத்தான் பதில் சொன்னாய். முதல் பகுதி அவள் காதில் விழுந்ததும் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். இரண்டாவது பகுதியை அந்த மேசையில் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொள்ளவில்லை. உன் அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. நீயே அதை எடுத்துக்கொண்டாயா என்பது உன் மனசுக்குத்தான் தெரியும்.

ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதைச் செய்து பார்ப்பது என்று முடிவாகி, மலம் கொடுக்கப் போவது யார் என்ற பேச்சு வந்தபோது நீ முந்திக்கொண்டாய். பல் வலிக்காக ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்ததால் உன்னைத் தள்ளிவிட்டார்கள். அப்பாவைச் சர்க்கரை தள்ளிவிட்டது. என்னை ரத்தம், மலம் எல்லாம் எடுத்துச் சோதித்தார்கள். மஞ்சள் காமாலை இருந்ததா, வெளியூர்த் தண்ணீர் குடித்தேனா, வயிறு எப்படிக் கழிகிறது என்று அந்த நர்ஸ் பெண் கேட்ட கேள்விகளுக்கு நான் கூனிக்குறுகிப் பதில் சொன்னேன். முடிவு வந்த அன்று டாக்டரம்மா, "உங்க குடல் ரொம்ப நல்லா இருக்குது, வகைவகையா நல்ல கிருமிங்க இருக்குதுங்க" என்றார். கம்பெனியில் அகல் விளக்கும் பொம்மையும் பேக்கிங் செய்து செய்து இடுப்பொடிந்தவளுக்கு அது பெரிய பாராட்டாக இருந்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று நானே என் வயிற்றைத் தடவிக்கொண்டேன். அவளை ஒரு தடவை சுமந்த வயிறு, இன்னொரு தடவையும் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

முதல் தடவை குழாய் வழியாகச் செலுத்தி முடித்த பிறகு அவள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, இப்ப நான் பாதி நீ" என்றாள். அதற்குப் பிறகு வந்த நல்ல நாட்கள் பொய்யில்லை. ரத்தம் குறைந்தது. தயிர்சாதத்தைத் தாண்டி அவள் வேறு எதையோ கேட்டுச் சாப்பிட்டாள். நம் ஊர்ப் பழமலைநாதர் கோயிலுக்குப் போய் நடையாகவே ஒரு சுற்று வந்தாள். கழிவறை எங்கே இருக்கிறது என்று தேடாமல் அவள் வெளியே போய் வந்தது அதுதான் முதல் தடவை. நீ தினமும் போன் செய்து எத்தனை தடவை போனாள், ரத்தம் உண்டா, வலி உண்டா என்று கேட்பாய். அடுத்து எடுத்த மாதிரியில் என் கிருமிகள் அவள் குடலில் ஒட்டத் தொடங்கிவிட்டன என்று நீ சொன்னபோது உன் குரல் சின்ன வயசில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கி வந்து வாசலிலிருந்தே கத்துவாயே, அப்படி இருந்தது. இரண்டாவது தடவையும் செலுத்தினார்கள்.

இனிமேல் எழுதப் போவதுதான் உனக்குத் தெரியாதது. இதை எழுத வளர்மதியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே அவளுக்கு மறுபடி ரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. அவள் என்னிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. நீ போனில் கேட்டபோதெல்லாம் குறைத்துச் சொன்னாள். நான் வேலைக்குப் போன பிறகு துணிகளைத் தானே அலசிக் காயப்போட்டாள். வயிறு உப்பியபோது சுடிதாருக்கு மேல் துப்பட்டாவைப் பரப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு நாள் காலையில் நான் டிபன் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் நடந்து வந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நெற்றியைத் தொட்டேன், அனலாகக் கொதித்தது. துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டாக்டரிடம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வயிற்றில் கை வைத்ததுமே முகம் மாறிவிட்டார். "இங்க வச்சிக்கிட்டு ஒரு நிமிசம்கூட இருக்கக் கூடாதுங்க. எங்க வைத்தியம் பாத்தீங்களோ அங்கியே கூட்டிப் போங்க. நான் அவங்களுக்குப் போன் பண்ணிடறன்" என்றார்.

ஆம்புலன்சில் நான் அவளோடு உட்கார்ந்தேன். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். நம் பக்கத்து மங்களூரிலிருந்து முதல் நாள்தான் நம் வீட்டுக்கு வந்திருந்த மாமாவும் ஏறிக்கொண்டார். நெய்வேலியைத் தாண்டும்வரை அவள் கண்ணைத் திறக்கவே இல்லை. லாரிகள் வழிவிடாமல் நின்றன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. பண்ருட்டி நெருங்கும்போது என் விரலைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அம்மா, நான் அண்ணன்கிட்ட பொய் சொல்லிட்டன்."

"என்னாடி பொய்?"

"ரத்தம் நிக்கவே இல்லம்மா. முன்னவிட ஜாஸ்தியா போச்சு. கொறஞ்சிருக்குதுன்னு சொன்னன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன? எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"அவன் கொரல்ல அவ்ளோ சந்தோசம்மா. கேக்குது பாப்பா, கேக்குதுன்றான். நான் எப்புடி இல்லன்னு சொல்றது? அவன் கணக்கு சரியா வரணும்னு நெனச்சன். இன்னும் ரெண்டு நாள்ல சரியாயிடும், அப்புறம் சொன்னது பொய்யா இருக்காதுன்னு நெனச்சன்."

அவ்வளவுதான் பேசினாள். தம்பி, அவள் உன் மேல் வைத்த பிரியத்தால் உன் கணிப்புக்குக் காவல் இருந்திருக்கிறாள். நோயாளிக்காகக் கணிப்பு என்று இருந்தது, எப்போது கணிப்புக்காக நோயாளி என்று ஆனதோ தெரியவில்லை. அது நீ செய்ததும் இல்லை, அவள் வேண்டுமென்று செய்ததும் இல்லை. ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே நல்ல செய்திக்காகக் காத்திருந்தால் கெட்ட செய்தி சொல்ல ஆளில்லாமல் போய்விடுகிறது.

ஆஸ்பத்திரியில் நமக்காகக் கதவைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் வீங்கி வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே எடுத்தாக வேண்டும் என்றார்கள். நீ சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறி வந்தாய். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாதான் வாயைத் திறந்தார். "பொட்டியத் தட்டி ஜோசியம் பாத்தான். ஜோசியக்காரன்கூட ஒரு பரிகாரம் சொல்லுவான். இவன் தங்கச்சிய கொண்டாந்து இங்க வுட்டுட்டான்." நீ அதைக் கேட்டாய். ஹெல்மெட்டைக் கழற்றி அப்படியே தரையில் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாய். அதற்கு மேல் நடந்தது எதுவும் உன் காதில் விழவில்லை.

நான் எழுந்து மாமாவின் எதிரே போய் நின்றேன். என் அண்ணனை நான் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. "நிறுத்துண்ணே. அவன் ஜோசியம் சொல்லல. தெரிஞ்சதையும் சொன்னான், தெரியாததையும் சொன்னான். தெரிஞ்சத மட்டும் காதுல வாங்கிக்கிட்டது நாங்க. அவ ஒடம்புக்குள்ள போனது என்னோடது. குத்தம் சொல்லணும்னா என்னச் சொல்லு. இப்ப ரத்தம் வேணும்னு நர்ஸ் பொண்ணு வந்து ரெண்டு தடவ கேட்டுட்டுப் போயிட்டா. மாமன்காரன் நீ, எழுந்து போய்க் குடு" என்றேன். மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போனார். ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஓரமாக உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து இன்றுவரை உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. ஆனால் அவர் முதலில் பேசியதுதான் உன்னிடம் தங்கிவிட்டது.

ஆபரேஷன் முடிய வெகுநேரம் ஆனது. அந்த நேரமெல்லாம் நான் உன்னைப் போலத்தான் இருந்தேன். என் வயிறு அவளை ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். நல்லது என்று பாராட்டினார்களே, எதுவும் ஒட்டவில்லையே, வேறு யாருடையதையாவது கொடுத்திருந்தால் கேட்டிருக்குமோ என்று குமைந்தேன். டாக்டரம்மா வெளியே வந்து, உயிருக்கு இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகும் எனக்கு அது போகவில்லை. கடைசியில் அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார். "உங்களோடது நல்லாத்தான் ஒட்ட ஆரம்பிச்சுது. அவங்க குடல்ல இருந்த நெருப்பு அதவிட வேகமா போச்சு. உங்க பையனோட கணக்கு இந்தச் சிகிச்சை கேக்குமான்னு மட்டும்தான் பாத்துது. கேக்கலன்னா எவ்வளவு சீக்கிரம் மோசமாகும்னு அது பாக்கல. அது வேற கேள்வி. அத நாங்களும் தனியா எடுத்து வச்சி யோசிச்சிருக்கணும்" என்றார்.

நான் அதைப் பல நாள் யோசித்தேன். முதல் கேள்விக்கு நீ சொன்ன பதிலை நாங்கள் எல்லோரும் இரண்டாவது கேள்விக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டோம். கேட்கும் என்றால் காத்திருக்கலாம் என்று பொருள் செய்துகொண்டோம். நிறையப் பேருக்குக் கேட்கிற மருந்து, கேட்காத ஒருத்தருக்கு அவகாசமே தராமல் போகலாம் என்பது நம் வீட்டு மேசையில் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்பதில்லை, நானே சொல்கிறேன். முதல் வாரம் அந்தப் பையைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் மாற்றினேன். அப்புறம் ஒரு நாள், "கொடும்மா, நீ ஓரமா ஒட்ட மாட்டேன்ற, கசியுது" என்று பிடுங்கித் தானே மாற்றிக்கொண்டாள். இப்போது வேலைக்குப் போகிறாள். கூட வேலை பார்க்கும் பெண்களிடம் அவளே சொல்லிவிட்டாளாம். கத்தரிக்காயைத் தவிர எல்லாம் சாப்பிடுகிறாள். கத்தரிக்காய் அவளுக்கு எப்போதுமே பிடிக்காது.

போன மாதம் உன் ஆபீசிலிருந்து ஒரு பெண் அவளுக்குப் போன் செய்தாள். ஆராய்ச்சியிலிருந்து அவளுடைய மாதிரிகளை நீக்கிவிடும்படி நீ கேட்டிருக்கிறாய், சொந்தத் தங்கை என்பதால் இருப்பது சரியில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறாய், ஆனால் நோயாளி சம்மதிக்காமல் நீக்க முடியாது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். வளர்மதி போனைக் கையில் பிடித்தபடி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீக்க வேணாங்க" என்றாள். அப்புறம், "கேக்காதவங்களை எல்லாம் எடுத்துட்டா கேட்டவங்க மட்டும்தான இருப்பாங்க? அப்புறம் அடுத்து வர்றவங்களுக்கு அந்தக் கணக்கு எப்புடிங்க உண்மையச் சொல்லும்? எங்க அண்ணன் பாக்க வேணாம், வேற யாராவது பாக்கட்டும். ஆனா நான் உள்ள இருக்கணும். இன்னொண்ணும் எழுதிக்குங்க. நான் போன்ல சொன்னதெல்லாம் பொய். நடந்தத இப்பச் சொல்றன்" என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தப் பெண் இதை உன்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். சொல்லியிருந்தால் நீ பெங்களூர் பேச்சை எடுத்திருப்பாயா?

போன வாரம் பரிசோதனைக்காகப் புதுச்சேரி போயிருந்தோம். காத்திருக்கும் இடத்தில் சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வளர்மதியைவிடக் கொஞ்சம் பெரியவள், கணவனோடு வந்திருந்தாள். அவனுக்கும் இதே நோய். எலும்பும் தோலுமாக இருந்தான். இந்தச் சிகிச்சை செய்யலாமா என்று பேச வந்திருக்கிறார்கள். வளர்மதிக்கும் அதே டாக்டரம்மா இந்தச் சிகிச்சை செய்தார் என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும், "உங்களுக்குப் பண்ணாங்களாமே, கேட்டுச்சாங்க?" என்று அவள் கேட்டாள். என்ன சொன்னாலும் அவள் வாழ்க்கையில் கை வைப்பது போல இருந்தது. கேட்கவில்லை என்றால் அவர்கள் எழுந்து போய்விடலாம், அவனுக்குக் கேட்டிருக்கக்கூடியது கைநழுவிப் போகலாம். பூசி மெழுகினால் எங்களுக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கலாம். வளர்மதி யோசிக்கவே இல்லை.

"எனக்குக் கேக்கலக்கா. கேட்டவங்களையும் இங்கியே பாத்திருக்கன், நல்லா இருக்காங்க. நீங்க டாக்டர்கிட்ட கேக்குமான்னு மட்டும் கேக்காதீங்க. கேக்கலன்னா எத்தினி நாள் தாங்கும், எதெதப் பாத்தா ஒடனே ஓடியாரணும்னு கேளுங்க. அண்ணே, நீங்களும் கேட்டுக்குங்க. ரத்தம் போனா அக்காகிட்ட மறைக்காதீங்க. யாரு மனசும் நோவக் கூடாதுன்னு மறைக்கத் தோணும். மறைக்காதீங்க."

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டாள். அவன் பதில் சொல்லத் தொடங்கியபோது எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர்களுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது உண்மையோடு உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அப்படி உட்காரவில்லை.

வேலையை விடாதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உனக்கு அந்த வேலை அலுத்துவிட்டது என்றால் விடு. பெங்களூர் பிடித்திருந்தால் போ. ஆனால் தப்பாகிவிடுமே என்ற பயத்தில் போகாதே. தப்பு ஆகாத இடம் என்று ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறவன் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். நாளைக்கு உனக்கு ஒரு பெண்டாட்டி வருவாள், பிள்ளைகள் வரும், அவர்களும் உன்னிடம் வந்து இது நல்லபடியாக ஆகுமா என்று கேட்பார்கள். ஆகும் என்று நீ சொன்னதில் பாதி ஆகாமல் போகும். அப்போதெல்லாம் எந்த ஊருக்குப் போவாய்? சொன்ன வார்த்தை பொய்த்துப் போனால் அந்த இடத்திலேயே நிற்கப் பழகு. அதைத்தான் உன் தங்கை செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு ஓடிப்போக வேறு உடம்பு இல்லை.

அடுத்த மாதம் அவளுக்கு இரண்டாவது ஆபரேஷன். சிறுகுடலையே வளைத்து உள்ளே ஒரு பை போலத் தைத்து இணைக்கப் போகிறார்கள். நல்லபடி ஆனால் இன்னும் சில மாதத்தில் வெளியே இருக்கும் பையை எடுத்துவிடலாம். சிலருக்கு அது ஒத்துவருவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். நேற்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் திடீரென்று, "அண்ணன்கிட்ட கேளும்மா, இந்த ஆபரேஷன் நல்லபடியா ஆவுமான்னு" என்றாள். "எதுக்குடி மறுபடி அவனப் போயி கேக்கற? அவன் படறது போதாதா?" என்றேன்.

கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "அவன வம்புக்கு இழுக்கலம்மா. இந்தத் தடவ அவன் தெரியலன்னு சொல்லட்டும். தெரியல பாப்பான்னு சொல்லிட்டு, வந்து என் பக்கத்துல உக்காரட்டும். அது போதும் எனக்கு" என்றாள்.

அவள் கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன், தம்பி. எந்த வண்டியில் வருகிறாய் என்று அப்பாவிடம் சொல்லிவிடு. அவர் ஜங்ஷனுக்கு வந்து நிற்பார்.

அம்மா